தொரப்பள்ளியில் கேட்ட பாஷைப் பாடம்

இருபது வருஷத்துக்கு மேலாக ஹோசூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்து வருகிறோம். ஆனால், ஹோசூரிலிருந்து சுமார் பத்துக் கிலோமீட்டர் தூரத்திலுள்ள தொரப்பள்ளிக்குச் சென்ற மாதம் வரையில் நாம் போனதில்லை. தேசம் முழுவதும் பெயர் பெற்ற ஒருவர் பிறந்த ஊர் அது. வெளியூர்களிலிருந்து எத்தனையோ பேர் தேடி வந்து பார்த்து விட்டுப் போகிறார்கள். கோயிலுக்குப் பக்கத்தில் குடியிருப்பவன் கடைசியில்தான் தரிசனத்துக்குப் போவான் என்பது நம் விஷயத்தில் உண்மையாயிற்று. போனதும் ஊரைப் பார்ப்பதற்காக அல்ல. ஒரு சிறு பையனிடம் நாம் செய்த தவற்றைத் திருத்திக் கொள்வதற்காக.

நடந்தது இதுதான். ஒரு நாள் தமிழ் உபாத்தியாயர் வரவில்லை. அவருடைய வகுப்பை நாம் பார்த்துக் கொள்ள வேண்டியதாயிற்று. பிள்ளைகள் 'எங்கள் வீடு' என்று கட்டுரை எழுதி ஒவ்வொருவராக எழுந்து படித்தார்கள். தொரப்பள்ளியிலிருந்து வரும் ஒரு பையன், "காலையில் அம்மா எழுந்து ஹாலு காய்ச்சுவாள்" என்று படித்தான். வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரித்தது. நாமாவது சிரிக்காமல் இருந்திருக்கலாம். நாமும் சிரித்தோம். அத்துடன், "என்ன தம்பி, பாலில் தண்ணீர் கலப்பார்கள், நீ கன்னடத்தைக் கலக்கிறாயே!" என்று ஒரு ஹாஸ்யமும் செய்தோம். பையன் தலையைக் குனிந்து உட்கார்ந்தான். அன்றிலிருந்து அவன் வகுப்பில் வாயைத் திறக்கவில்லை.

வருஷக் கடைசியில் அவனுடைய தகப்பனார் வந்தார். ரோஜாத் தோட்டம் ஒன்றில், பிளாஸ்டிக் கூரை போட்ட பசுமைக் குடிலில் வேலை செய்பவர். "டி.ஸி. கொடுத்துவிடுங்கள், ஸார்" என்றார். காரணம் கேட்டோம். "எங்கள் வீட்டிலே நான் தெலுங்கு பேசுகிறேன், அவன் அம்மா ஆனேக்கல் பக்கம், கன்னடம் பேசுகிறாள், பள்ளிக்கூடத்திலே தமிழ். மூன்றும் அரைகுறையாய்ப் போய், எதைப் பேசினாலும் சிரிக்கிறார்களாம். இங்கிலீஷ் மீடியத்திலே போட்டுவிடுகிறேன். அது ஒன்றாவது சுத்தமான பாஷை, ஸார். அதிலே கலப்படம் கிடையாது" என்றார்.

இங்கிலீஷில் கலப்படம் கிடையாது! பல்கலைக் கழகத்தில் அந்தப் பாஷையின் சரித்திரத்தைப் படித்துப் பட்டம் வாங்கிய நமக்கு, அந்த வார்த்தை சுருக்கென்றது. அதைவிட, அவர் யாருடைய சிரிப்பைச் சொல்கிறார் என்பதும் தெரிந்தது. "ஞாயிற்றுக்கிழமை நானே உங்கள் ஊருக்கு வருகிறேன், அதுவரையில் பொறுங்கள்" என்று சொல்லி அனுப்பினோம்.

ஹோசூர் பஸ் நிலையத்தில் பாஷைகளுக்குப் பஞ்சமில்லை. லாரி, மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம் என்று பலவற்றைச் செய்யும் தொழிற்சாலைகள் இந்த ஊரைச் சுற்றி எழுந்த பிறகு, பீஹாரிலிருந்தும் ஒடிஸாவிலிருந்தும் கூட இளைஞர்கள் பிழைக்க வந்திருக்கிறார்கள். நம்முடைய பஸ்ஸின் கண்டக்டர் ஒரு கிழவியிடம் தெலுங்கில் சில்லறை கேட்டார். மூட்டைக்காரரைக் கன்னடத்தில் அதட்டினார். நம்மிடம் தமிழில் டிக்கெட் கொடுத்தார். படிக்கட்டில் நின்ற வடநாட்டுப் பையன்களை ஹிந்தியில் உள்ளே ஏறச் சொன்னார். நாம் மூன்று வருஷம் படித்துப் பெற்ற பட்டத்தை எண்ணிச் சற்று வெட்கமாயிருந்தது.

பஸ் புறப்பட்டதும் பெயர்ப் பலகைகளைப் படித்துக் கொண்டு வந்தோம். முதலில் ஹோசூர் என்ற பெயரையே எடுத்துக் கொள்வோம். கன்னடத்தில் 'ஹொஸ' என்றால் புதிய. 'ஊரு' என்றால் ஊர். ஹொஸ ஊர், அதாவது புத்தூர். தமிழ் நாட்டில் எத்தனை புத்தூர்களும் புதூர்களும் இருக்கின்றனவோ, அவற்றில் ஒன்றுதான் கன்னட உடை உடுத்தி ஹோசூர் என்று நிற்கிறது. பழைய கன்னடத்தில் இந்தச் சொல் 'பொஸ' என்றுதான் இருந்தது. சுமார் பத்தாம் நூற்றாண்டு முதல், சொல்லின் முதலில் நின்ற 'ப' என்னும் ஒலி அந்தப் பாஷையில் படிப்படியாக 'ஹ' ஆயிற்று. நம்முடைய பத்து அங்கே ஹத்து, புலி ஹுலி, பல் ஹல்லு, பூ ஹூவு. தொரப்பள்ளி, உத்தனப்பள்ளி என்று இந்தப் பக்கத்தில் ஊர்கள் 'பள்ளி'யில் முடிகின்றன. எல்லை தாண்டிப் பெங்களூர் ரஸ்தாவில் போனால் பொம்மனஹள்ளி என்று 'ஹள்ளி' ஆகிவிடுகின்றன. பள்ளியும் ஹள்ளியும் ஒன்றே. அப்படியானால், பாலும் ஹாலும்?

பையன் கலப்படம் செய்யவில்லை. பாலைத்தான் சொன்னான், அவன் தாயாரின் வாயில் அது ஆயிரம் வருஷமாக எப்படி இறங்கி வந்ததோ, அப்படிச் சொன்னான். இது நமக்குத் தெரியாத விஷயம் அல்ல. தெரிந்திருந்தும் வகுப்பில் அந்த நேரத்தில் தோன்றவில்லை. படிப்பு பரீட்சைக்கு உதவுகிற அளவு சமயத்துக்கு உதவுவதில்லை.

தொரப்பள்ளியில் இறங்கி, முதலில் இராஜாஜி பிறந்த வீட்டுக்குப் போனோம். சின்ன வீடு. அரசாங்கத்தார் அதை நினைவு இல்லமாக வைத்துப் பாதுகாத்து வருகிறார்கள். 1878-ஆம் வருஷம் டிஸம்பர் 10-ந் தேதி இந்த ஊர் முன்ஸீப்பின் குழந்தையாகப் பிறந்த சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார், ஹோசூர்ப் பள்ளிக்கூடத்தில் படித்து, பெங்களூர் ஸென்ட்ரல் காலேஜில் பட்டம் பெற்று, சென்னையில் சட்டம் பயின்று, சேலத்தில் வக்கீலாகி, தேச விடுதலைப் போரில் சிறை புகுந்து, 1948 முதல் 1950 வரையில் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக வீற்றிருந்தார். வீட்டில் தமிழ், ஊரில் தெலுங்கும் கன்னடமும், காலேஜில் இங்கிலீஷ் என்று நான்கு பாஷைகளின் நடுவே வளர்ந்த பிள்ளை அவர். நம்முடைய மாணவன் வளர்வதும் அதே காற்றில்தான்.

பையனும் தகப்பனாரும் தேடிக் கொண்டு வந்துவிட்டார்கள். பையன் நம்மைக் கண்டு ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினான். மூவருமாக ஒரு டீக்கடைக்குப் போய் உட்கார்ந்தோம். அங்கே கூட்டம் அதிகம். ஒருவர் "ரெண்டு டீ" என்றார். இன்னொருவர் "எரடு" என்று விரலைக் காட்டினார். வடநாட்டு இளைஞர்கள் "தோ சாய்" என்றார்கள். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு கனவான், மோட்டாரிலிருந்து இறங்காமலே "டூ டீ" என்று உத்தரவிட்டார். கடைக்காரர் கலங்காமல் எல்லோருக்கும் இரண்டிரண்டு கொடுத்தார்.

தகப்பனாரைப் பார்த்து, "இந்த நாலு சொற்களில் எதற்கு எது உறவு, சொல்லுங்கள் பார்க்கலாம்" என்றோம்.

"ரெண்டும் எரடும் ஒன்று போல இருக்கிறது. மற்ற இரண்டும் வேறே வேறே அல்லவா, ஸார்?" என்றார்.

"முதல் பாதி சரி. தமிழில் இரண்டு, கன்னடத்தில் எரடு, உங்கள் தெலுங்கிலும் ரெண்டு. மூன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஆனால் 'தோ'வும் 'டூ'வும் கூட உறவுதான். ஹிந்தியும் இங்கிலீஷும் ஏழு கடல் தாண்டிப் பிரிந்து போன தாயாதிகள்" என்றோம்.

அவர் நம்பவில்லை. நம்பாதது நியாயமே. முதன்முதலில் கேட்டபோது ஐரோப்பியப் பண்டிதர்களும் திகைத்தார்கள். 1786-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில், கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த ஸர் வில்லியம் ஜோன்ஸ், ஏஷியாடிக் சங்கத்தில் ஒரு பிரசங்கம் செய்தார். ஸம்ஸ்கிருதம், கிரீக், லத்தீன் மூன்றும் இப்போது மறைந்து போன ஒரே பழைய பாஷையிலிருந்து பிறந்திருக்க வேண்டும் என்று அவர் சொன்னார். இங்கிலீஷ், ஜெர்மன் முதலியவை சேர்ந்த ஜெர்மானியக் கிளையும் அந்த வம்சத்தையே சேர்ந்தது என்பது பின்னர் நிலைநாட்டப்பட்டது. லத்தீனில் 'ப' என்று தொடங்கும் பல சொற்கள் இங்கிலீஷில் 'ஃப' என்று தொடங்குகின்றன. தகப்பனுக்கு லத்தீனில் பாட்டர், இங்கிலீஷில் ஃபாதர். மீனுக்கு பிஸ்கிஸ், ஃபிஷ். 1822-ல் ஜாகப் கிரிம் என்ற ஜெர்மன் அறிஞர் இதை ஒரு விதியாக வகுத்துக் காட்டினார். தமிழ்ப் பாலுக்கும் கன்னட ஹாலுக்கும் உள்ள கணக்கும் இதைப் போன்றதே. ஒலிகள் மனம் போனபடி மாறுவதில்லை. பாகப் பத்திரம் எழுதியதுபோல ஒழுங்காக மாறுகின்றன.

நம்முடைய மூன்று பாஷைகளும் ஸம்ஸ்கிருதத்தின் பிள்ளைகள் என்று பலர் நினைத்திருந்தார்கள். 1816-ல், சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ் என்பவர், காம்ப்பெல் எழுதிய தெலுங்கு இலக்கணத்துக்கு ஒரு குறிப்பு எழுதினார். கடன் சொற்களை ஒதுக்கி வைத்துவிட்டு வேர்ச் சொற்களைப் பார்த்தால், தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகியவை தனிக் குடும்பம் என்பது அவர் முடிவு. அப்புறம் நாற்பது வருஷம் கழித்து, 1856-ல், திருநெல்வேலிச் சீமையில் இடையன்குடியில் வாழ்ந்த கால்ட்வெல் பாதிரியார் தம்முடைய ஒப்பிலக்கணத்தை வெளியிட்டு அதை விரிவாக ஸ்தாபித்தார்.

இவ்வளவையும் டீக்கடையில் சொல்லவில்லை; சுருக்கமாகத்தான் சொன்னோம். தகப்பனார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உறவு இருக்கட்டும், ஸார். நான் சொன்னது கலப்படத்தை அல்லவா? இங்கிலீஷ்காரன் சுத்தமாகத்தானே பேசுகிறான்?" என்றார்.

"இங்கிலீஷைப் போலக் கலந்த பாஷையைக் காண்பது அரிது. அதன் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்" என்று தொடங்கினோம். பையன் பெஞ்சியில் சற்று நகர்ந்து வந்து உட்கார்ந்தான்.

அந்தத் தீவில் ஆதியில் இருந்தவர்கள் இங்கிலீஷ்காரர்கள் அல்ல. பிரிட்டன் என்ற பெயருக்குரிய பிரித்தானியர்கள் வேறு பாஷை பேசியவர்கள். ஐந்தாம் நூற்றாண்டில், இப்போதைய டென்மார்க்கிலிருந்தும் வட ஜெர்மனியிலிருந்தும் ஆங்கிளர், ஸாக்ஸனியர், ஜூட்டர் என்னும் கூட்டத்தார் படகேறி வந்து குடியேறினார்கள். ஆங்கிளர் கொண்டு வந்ததுதான் ஆங்கிலம். வந்தவர்கள், ஏற்கெனவே அங்கு இருந்தவர்களை 'வெல்ஷ்' என்று அழைத்தார்கள். அந்தச் சொல்லுக்கு அவர்கள் பாஷையில் அந்நியர் என்று பொருள். குடியிருந்தவனை வந்தவன் அந்நியன் என்று அழைப்பது உலகத்தில் புதிய வழக்கம் அல்ல.

கடலுக்கு அக்கரையில் தங்கிவிட்ட உறவினரும் உண்டு. ஹாலந்து தேசத்தின் வடக்கே ஃப்ரீஸ்லாந்து என்ற மாகாணம் இருக்கிறது. அங்கே பேசப்படும் ஃப்ரீசியம்தான் கடலுக்கு அப்பால் இங்கிலீஷுக்கு மிக நெருங்கிய பாஷை. பாலாடைக் கட்டிக்கு இங்கிலீஷில் சீஸ், ஃப்ரீசியத்தில் ட்ஸீஸ், டச்சு பாஷையிலோ காஸ். மோவாய்க்கு இங்கிலீஷில் சின், டச்சில் கின். மாதா கோயிலுக்கு இங்கிலீஷில் சர்ச், டச்சில் கெர்க். பழைய 'க' ஒலி டச்சில் நின்றுவிட்டது. இங்கிலீஷில் 'ச' ஆயிற்று.

இதைச் சொன்னபோது பையன் முதல் தடவையாக வாயைத் திறந்தான். தன் காதைத் தொட்டுக் காட்டி, "ஸார், அம்மா இதைக் கிவி என்பாள். நாம் செவி என்கிறோம்" என்றான்.

நாம் திடுக்கிட்டுப் போனோம். நம்முடைய இங்கிலீஷ் பாடத்துக்குத் தமிழில் இதைவிடச் சிறந்த உதாரணம் வேறு கிடையாது. செவி, கிவி, சேரி, கேரி, செம்மைக்குக் கெம்பு. இவற்றில் பழைய 'க' ஒலியைக் காப்பாற்றி வைத்திருப்பது கன்னடம். மாற்றிக் கொண்டது தமிழ். பாலில் நாம் பழையவர்கள். செவியில் அவர்கள் பழையவர்கள். மூத்தவள் வீட்டில் எல்லா நகைகளும் இருப்பதில்லை. சில நகைகள் தங்கை வீட்டுப் பெட்டியில் இருக்கின்றன. அன்று "ஹாலு" என்றதற்குச் சிரித்த வகுப்பை, ஆனேக்கல் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்று "செவி" என்றதற்காகத் திருப்பிச் சிரித்திருந்தால் நாம் என்ன பதில் சொல்லியிருப்போம்?

இன்னொன்றும் சொன்னோம். தெலுங்கிலே 'பாலு' என்கிறோமே, ஆகையால் தெலுங்குதானே தமிழுக்குக் கிட்டத்து உறவு என்று தகப்பனார் கேட்டார். காதுக்கு அப்படித் தோன்றும். ஆனால் பாஷை நூல் வல்லவர்கள் கன்னடத்தையே தமிழுக்கு அதிகக் கிட்டத்தில் வைக்கிறார்கள். தமிழில் அவள், கன்னடத்தில் அவளு. பழைய தெலுங்கு அமைப்பிலோ பெண்ணுக்கும் அஃறிணைக்கும் 'அதி' என்ற ஒரே சொல். முக ஜாடையை மட்டும் பார்த்து உறவு முறை சொல்லக் கூடாது. குடும்பப் பழக்கங்களையும் பார்க்க வேண்டும்.

மறுபடியும் இங்கிலீஷ் கதைக்கு வந்தோம். 793-ல் வட கடலிலிருந்து வைக்கிங் என்னும் கொள்ளைக்காரர்கள் வந்து லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைச் சூறையாடினார்கள். கொள்ளைக்கு வந்தவர்களில் பலர் பிற்பாடு குடியேறி, நிலம் உழுது, பெண் கொண்டு பெண் கொடுத்து, அண்டை வீட்டாராகி விட்டார்கள். முட்டைக்கு எக், கத்திக்கு நைஃப், வானத்துக்கு ஸ்கை, புருஷனுக்கு ஹஸ்பண்ட் என்ற சொற்களெல்லாம் அவர்களிடம் வாங்கியவை. 'அவர்கள்' என்பதற்கு இங்கிலீஷ்காரர் சொல்லும் 'தே' என்ற சொல்லே கடன் சொல்! ஜன்னலுக்கு விண்டோ என்பதும் அவர்களுடையதே. அவர்கள் பாஷையில் அதற்குக் காற்றின் கண் என்று பொருள். "நாம் மட்டும் என்ன? தமிழில் சாளரம், காலதர் என்று நல்ல சொற்கள் இருக்க, போர்ச்சுகீசியரிடம் ஜன்னலை வாங்கிக் கொண்டோம். சாவியும் மேசையும் அலமாரியும் கூட அவர்களிடம் வாங்கியவைதான். அந்தச் சாவியால்தானே நம் வீட்டைப் பூட்டுகிறோம்!" என்றோம்.

அப்புறம் 1066-ல் நார்மண்டியிலிருந்து வில்லியம் படையெடுத்து வந்து இங்கிலாந்தின் அரசனானான். அரண்மனையிலும் நியாய ஸ்தலத்திலும் பிரெஞ்சு சிம்மாசனம் ஏறிற்று. இங்கிலீஷ் உழவர்களின் பாஷையாகிக் குடிசைக்குப் போயிற்று. கனவான்கள் வீட்டுப் பிள்ளைகள் அதைப் பேசுவது கௌரவக் குறைவாயிற்று. 1362-ல், வழக்காடுகிறவர்களுக்குப் பிரெஞ்சு விளங்கவில்லை என்ற காரணத்தால், இனிமேல் கோர்ட்டில் இங்கிலீஷில் வாதாட வேண்டும் என்று சட்டம் செய்தார்கள். இதில் வேடிக்கை, அந்தச் சட்டமே பிரெஞ்சில் எழுதப்பட்டிருந்தது! ஜட்ஜ், கோர்ட், பார்லிமெண்ட், கவர்ன்மெண்ட் ஆகிய சொற்களெல்லாம் பிரெஞ்சுக்காரர் விட்டுச் சென்ற சொத்து. இன்று இங்கிலீஷ் அகராதியைப் புரட்டினால், பாதிக்கு மேற்பட்ட சொற்கள் பிரெஞ்சிலிருந்தும் லத்தீனிலிருந்தும் வந்தவை. நம் கட்டுமரமும் சுருட்டும் மிளகுத் தண்ணீரும் கூட அதில் இடம் பிடித்திருக்கின்றன.

"அப்படியானால் அது எந்தப் பாஷை, ஸார்? பிரெஞ்சா?" என்று கேட்டார் தகப்பனார். கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

பிரெஞ்சு அல்ல. கை, கால், தண்ணீர், தாய், தகப்பன், ஒன்று, இரண்டு, மூன்று என்று குழந்தை முதலில் கற்கும் சொற்களும், ஒரு வாக்கியத்தைக் கட்டி நிறுத்தும் சிறு சொற்களும் அதில் பெரும்பாலும் பழைய வீட்டுச் சொற்களே. கடன் சந்தையிலும் கச்சேரியிலும் சேருகிறது. உறவு அடுக்களையில் இருக்கிறது. நமக்கும் அப்படித்தான். தாலுகா, ஜில்லா, தாசில்தார், வக்கீல் ஆகியவை பாரஸீகர், அராபியர் சொற்கள். பஸ்ஸும் டீயும் வெளியார் சொற்கள். ஆனால் கண், கண்ணு, கன்னு; மூக்கு, மூகு, முக்கு; மூன்று, மூரு, மூடு. இவை மூன்று வீட்டிலும் ஒருவரிடம் ஒருவர் கடன் வாங்கியவை அல்ல. பாட்டியின் பெட்டியிலிருந்து பங்கு பிரித்தவை.

தகப்பனார் சிறிது நேரம் யோசித்தார். பிறகு, "எங்கள் ஊர்க்காரர் ராஜாஜியே இங்கிலீஷ் வேண்டும் என்றாரே, ஸார்?" என்று ஓர் அம்பு விட்டார்.

அதுவும் உண்மை. 1938-ல் சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது பள்ளிக்கூடங்களில் ஹிந்தியைக் கட்டாயமாக்கியவர் இராஜாஜி. பெரிய கிளர்ச்சி எழுந்தது. பலர் சிறை சென்றார்கள். நடராஜன், தாளமுத்து என்ற இருவர் 1939-ல் சிறைவாசத்தின்போது நோயுற்று உயிர் துறந்தார்கள். அவர் பதவியை விட்டு விலகிய பின், 1940-ல் அந்த உத்தரவு ரத்தாயிற்று. அதே இராஜாஜி பிற்காலத்தில், ஹிந்தி மட்டும் ஆட்சி மொழியாவதை எதிர்த்து, இங்கிலீஷை அந்நிய பாஷை என்று தள்ளக் கூடாது என்று வாதாடினார். அவருடைய முதல் அபிப்பிராயத்தைப் பற்றியும் கடைசி அபிப்பிராயத்தைப் பற்றியும் பலர் பலவிதமாகச் சொல்வார்கள். ஆனால் ஒரு விஷயம் நிச்சயம். 1916-லேயே சேலத்தில் நண்பருடன் சேர்ந்து, ஸயன்ஸுக்குத் தமிழில் கலைச்சொற்கள் ஆக்கச் சங்கம் வைத்தவர் அவர். இராமாயணத்தையும் மகாபாரதத்தையும் குழந்தைக்கும் விளங்கும் தமிழில் எழுதினார். 'சக்கரவர்த்தித் திருமகன்' 1958-ல் சாஹித்ய அகாடமிப் பரிசு பெற்றது. இங்கிலீஷ் வேண்டும் என்று சொன்னவர், அதற்காகத் தமிழை விட்டுவிடவில்லை.

"உங்கள் பையன் இங்கிலீஷ் படிக்கட்டும். அதைச் சொல்லிக் கொடுத்துத்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். ஆனால் மற்ற மூன்றும் அழுக்கு, இது ஒன்றே சுத்தம் என்று நினைத்துக் கொண்டு படிக்க வேண்டாம். அப்படிப் படித்தால் நாலும் கெட்டுப் போகும்" என்றோம்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. "ஜூன் மாதம் வரையில் பார்க்கலாம், ஸார்" என்று மட்டும் சொன்னார். வீட்டுக்கு வந்துதான் போக வேண்டும் என்று கட்டாயப்படுத்தினார். போனோம். பையனின் தாயார் ஒரு லோட்டாவில் பால் கொண்டு வந்து வைத்து, "ஹாலு குடியிரி" என்றாள். நாம் வாங்கிக் குடித்தோம். பையன் நம் முகத்தையே பார்த்துக் கொண்டிருந்தான்.

திரும்பும் வழியில் அவன் பஸ் ஏற்றிவிட வந்தான். இந்தப் பக்கமாக ஓடும் ஆற்றைப் பற்றிப் பேச்சு வந்தது. நந்தி மலைப் பகுதியில் இரண்டு ஆறுகள் பிறக்கின்றன. ஒன்று வடக்கே திரும்பி, உத்தர பினாகினி, பெண்ணாறு என்ற பெயர்களுடன் ஆந்திர நாட்டில் ஓடி, நெல்லூர்ப் பக்கம் கடலில் சேருகிறது. மற்றொன்று கன்னட நாட்டில் தட்சிண பினாகினியாக நடந்து, ஹோசூர் எல்லையில் தென்பெண்ணை என்று பெயர் மாற்றிக் கொண்டு, கடலூர் அருகே சமுத்திரத்தை அடைகிறது. 1956-ல் பாஷைவாரியாக ராஜ்யங்களுக்கு எல்லை வகுத்தார்கள். நிர்வாகத்துக்கு எல்லை வேண்டியதுதான். ஆற்றுக்கு அந்தக் கோடு தெரியாது. சில வருஷங்களாக, மேலே பட்டணத்துக் கழிவு கலந்து, கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குகிறது. ஆற்றுக்குக் கேடு தன் கூடப் பிறந்த ஆற்றினால் வரவில்லை. கரையில் இருக்கும் நம்மால் வந்தது. பாஷைக்கும் கேடு அப்படித்தான் வருகிறது.

பஸ் வரும் சமயம் பையன் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "அப்படியானால், ஸார், நான் ஹாலு என்று எழுதினது தப்பில்லையா?"

உபாத்தியாயர் பொய் சொல்லக் கூடாது. "தமிழ்க் கட்டுரையில் தப்புதான், தம்பி. அங்கே பால் என்றே எழுத வேண்டும். அம்மாவிடம் ஹாலு என்றே கேட்க வேண்டும். எந்த வீட்டில் எதைச் சொல்வது என்று தெரிந்து கொள்வதற்குத்தான் பள்ளிக்கூடம் இருக்கிறது. நீ எழுதினது சின்னத் தப்பு. நான் சிரித்தது பெரிய தப்பு" என்றோம்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. பஸ் கிளம்பியபோது கையை மட்டும் ஆட்டினான்.

ஜூன் மாதம் இன்னும் வரவில்லை. டி.ஸி. விண்ணப்பம் நம்முடைய மேஜை டிராயரில் இருக்கிறது. அவன் திரும்பி வந்தாலும் வராவிட்டாலும், பள்ளிக்கூடம் திறக்கும் முதல் நாள் கரும்பலகையில் என்ன எழுதுவது என்று தீர்மானித்துவிட்டோம். பால், பாலு, ஹாலு என்று மூன்று சொற்களையும் ஒரே வரிசையில் எழுதி, பக்கத்தில் செவி, செவி, கிவி என்று எழுதப் போகிறோம். வகுப்பில் யாருக்கு எந்தச் சொல் வீட்டுச் சொல் என்று கேட்போம். பிள்ளைகள் எழுந்து சொல்லட்டும். யாரும் சிரிக்காமல் பார்த்துக் கொள்வோம், முக்கியமாக, நாம்.